உறைய மறுத்த திரவமும் ஒரு ஷேர் ஆட்டோவும்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். முகத்தைத் துடைக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். கைக்குட்டைக்குப் பதிலாகத் தெர்மாமீட்டர் வந்தது.

அது என்னிடம் இருக்கக் கூடாது. வீட்டில், ஸ்டெல்லா அக்காவிடம் இருக்க வேண்டியது.

காலையில் யாழினிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. யாழினி என் மகள், மூன்று வயது. நிஜமாகவே சுடுகிறதா, போர்வைக்குள் சுருண்டிருந்ததால் வந்த சூடா என்று புரியாமல் தெர்மாமீட்டர் வைத்தேன். மறுபடி வைத்தேன். வேறு எண் காட்டியது. இன்னொரு தடவை வைத்துச் சராசரி எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவளே என் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். ஒரு மூடி சிரப்பைக் கொடுத்து, ஸ்டெல்லா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். அக்கா எங்கள் வீட்டு ஓனர், கீழ் வீட்டில் இருக்கிறவர். நான் படிக்கப் போகும் நாள்களில் யாழினி அவரிடம்தான்.

பதறிப்போய் போன் செய்தேன்.

"அக்கா, தெர்மாமீட்டர் என்கூட வந்துடுச்சு. நான் வேணா திரும்பி வந்து..."

"இன்னாத்துக்கு? கொயந்த நல்லா கீது. ரெண்டு இட்லி துன்னுட்டு என் கோழியத் தொரத்திக்கினு கீது. நீ இருந்தாதான் அது சீக்குக்காரி மாரி மொனவும். போ கண்ணு, போய் உன் பரிட்சைய எழுது."

அது பரீட்சை இல்லை. பரீட்சையாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டுக் கணினி இயற்பியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நான், அதில் தொடரலாமா, அல்லது "போதும்மா, வந்த வழியே போ" என்று அனுப்பிவிடலாமா என்பதை மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து முடிவுசெய்யும் கூட்டம். முதல் ஆண்டு முடிவில் நடப்பது. அதற்குத்தான் இஸ்திரி போட்ட காட்டன் புடவையும், நெஞ்சோடு அணைத்த லேப்டாப்புமாக நின்றிருந்தேன்.

ஆட்டோ வந்தது. பின்சீட்டின் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண். அவளை அடுத்து ஒருவர். அந்தப் பக்க ஓரத்தில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, டிபன் டப்பாவோடு ஒரு வடநாட்டுத் தொழிலாளி. சீட்டு நிறைந்துவிட்டது. டிரைவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

"பய்யா, தோடா அந்தர், கொஞ்சம் உள்ள போ. யக்கா, பேக்க மடியில வச்சிக்க. இன்னும் ஒர்த்தர்தான்."

"நாங்க இன்னா மனுசங்களா, மூட்டையா?" என்றாள் சீருடைப் பெண்.

"மூட்டைன்னா இன்னும் ரெண்டு வச்சிருப்பனே யக்கா."

நல்ல உடல்வாகுள்ள ஒரு சார் வந்தார். "நடுவுல போ சார், நடுவுல எடம் கீது" என்றார் டிரைவர். நடுவில் இடம் இல்லை. இருந்தாலும் சார் நடுவில் அமர்ந்தார். அமர்ந்த கணத்தில் அந்த ஓரத்தில் இருந்த தொழிலாளி ஒரு காலை ரோட்டில் ஊன்றினார். பிறகு மறு காலையும். டிபன் டப்பா உருண்டது.

வண்டி இன்னும் புறப்படவே இல்லை.

"யார்ப்பா அது எறங்கனது? ஏறு ஏறு. நடுவுல வா." டிரைவர் அவரையும் நடுவில் செருகினார். இந்த முறை இந்த ஓரம் கழன்றது. இந்த ஓரம் நான்.

ரோட்டில் நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்: "யக்கா, நீ எங்க போற? நடுவுல வா."

அந்த இடத்தில்தான் நான் ஏறாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஆட்டோவால் அல்ல. லேப்டாப்புக்குள் இருந்த என் ஒரு வருட ஆராய்ச்சியால். அது ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

'மற்றவை'

இந்தத் தொடரில் போன வாரம் வந்த என் நுழைவுத் தேர்வுப் படலத்தைப் படித்த வாசகி ஒருவர், "கை நிறைய இருந்த வேலையை விட்டுவிட்டு இந்த வம்பு ஏன்?" என்று எழுதிக் கேட்டிருந்தார். என் மாமியாரின் கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால், எழுதியது அவர் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கலந்தாய்வு அன்று அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "கிடைக்குது, எடுத்துக்கோ" என்றார். பஸ்ஸில் காலி சீட்டைப் பார்த்தவரின் குரல் அது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் இந்தப் பக்கத்திலேயே கார் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கழித்துப் போடும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் உற்பத்தி லைனில் இருப்பவர்கள் திரையைத் தொட்டு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தத் திரை என் பொறுப்பு. கீறல், குமிழி, ஓரச் சேதம், வளைவுக் கோளாறு என்று வரிசையாக இருக்கும். கடைசியில் 'மற்றவை'.

மாதாமாதம் 'மற்றவை' வளர்ந்துகொண்டே போனது. மேலிடத்துக்குக் கோபம் வந்தது. திரையிலிருந்து அந்தப் பொத்தானையே எடுத்துவிடச் சொன்னார்கள். நான் சொன்னதைச் செய்கிற பெண். ஆனால் செய்வதற்கு முன்னால் பத்து தடவை யோசிக்கிற பெண்ணும்கூட. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று குடோனுக்குப் போனேன்.

எல்லாச் சோதனையும் தாண்டி, பாஸாகி, ரேக்கில் நிற்கும் கண்ணாடிகளில் எப்போதாவது ஒன்று, யாரும் தொடாமல், தானாகப் படாரென்று நொறுங்கி விழுகிறது. அதுதான் 'மற்றவை'யில் பாதி.

"ஏன்?" என்று அங்கிருந்தவரைக் கேட்டேன்.

"அதுக்காத் தோணுச்சுன்னா ஒடையும் மேடம்" என்றார்.

மேலாளரைக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "பேரை மாத்திடும்மா. 'இதர'ன்னு போட்டுடு" என்றார். போட்டேன். மேலிடம் திருப்தியடைந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. கண்ணாடி என்றால் என்ன என்று படிக்க ஆரம்பித்தேன். நெருப்பில் உருகிய திரவம் ஆறும்போது, உள்ளே இருக்கும் துகள்கள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்க நேரம் கிடைப்பதில்லை. அவை நின்றது நின்றபடி மாட்டிக்கொள்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நின்றுவிட்டவர்கள் மாதிரி. அதுதான் கண்ணாடி. ஏன் அப்படி மாட்டிக்கொள்கின்றன என்பது இன்னும் முழுசாகத் தெரியாது என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது.

அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இயற்பியல்காரர்களிடமும் ஒரு 'மற்றவை' பொத்தான் இருந்தது. அதை அவர்கள் திரையிலிருந்து எடுத்துவிடவில்லை.

அடுப்பு வைத்து உருக்காமல் கணினிக்குள்ளேயே உருக்கி, ஆறவிட்டுப் பார்க்கும் துறை ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். யாழினிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த காலம். அவளும் நானும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே ஆளுக்கொன்றைக் கடித்துக்கொண்டிருந்தோம். அவள் ரப்பர் வளையம், நான் இயற்பியல் பாடப்புத்தகம்.

நேர்காணலில் வெளி நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "கம்ப்யூட்டர்காரங்களுக்கு புரோகிராம் எரர் இல்லாம ஓடினா போதும். அது சொல்றது உண்மையான்னு யார் பாக்கறது?"

இதை வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் தினேஷ் உடனே அவருக்குக் 'குவாலிட்டி' என்று பெயர் வைத்துவிட்டார். கம்பெனியில் ஓடுகிற லைனை ஒரே வார்த்தையில் நிறுத்தும் அதிகாரம் தரம் பார்க்கும் அந்தத் துறைக்குத்தான் உண்டு.

சேர்த்துக்கொண்டார்கள். அதே குவாலிட்டியைத்தான் என் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவிலும் போட்டார்கள்.

வெளியே விழும் உருண்டைகள்

என் வேலையைச் சுலபமாகச் சொல்லலாம். கணினிக்குள் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் உருண்டைகள். தள்ளித் தள்ளி இருந்தால் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். ரொம்ப நெருங்கினால் பலமாகத் தள்ளிவிடும். யார் யாரை எவ்வளவு தள்ளுகிறார்கள் என்று கணக்குப் போட்டு, எல்லோரையும் துளி நகர்த்தி, மறுபடியும் கணக்குப் போட வேண்டும். பெட்டியை மெல்ல மெல்லக் குளிர வைத்தால் உருண்டைகள் ஓய்ந்து, நின்ற இடத்தில் இறுகிக் கண்ணாடியாக வேண்டும்.

என் உருண்டைகள் ஓயவில்லை. பெட்டியை விட்டு வெளியே பறந்தன.

அப்போது ஒரு மாலை வேளை. யாழினிக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே தினேஷிடம் புலம்பினேன். அவருக்குப் பிள்ளைப்பாக்கம் சொந்த ஊர். கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் ஆராய்ச்சியில் அவருக்கு நிஜமான அக்கறை உண்டு. புரிகிறதா என்பது வேறு.

"இதுக்கா இப்டி மண்டைய ஒடச்சிக்கிற? எங்க பெல்ட்ல இருந்து வளையம் கீழ உயுந்தா இன்னா பண்ணுவோம்? பக்கத்துல இருக்கறவன் எடுத்து உள்ள போட்டுடுவான். ஷிப்ட் முடியசொல்ல கவுன்ட் டேலி ஆவணும். ஆவலன்னா தேடிக்கினு நிக்கணும், கம்பெனி பஸ் பூடும்."

"எங்க போடுவீங்க?"

"எங்கனா. நடுவுல."

நானும் தொழிற்சாலைச் சோறு தின்றவள்தானே? இந்தப் பக்கத்தில் எந்த லைனிலும் எண்ணிக்கைதான் சாமி. ஷிப்ட் முடிவில் வந்ததும் போனதும் சரியாக இருந்துவிட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு அவர் சொன்னது மிகவும் நியாயமாகப் பட்டது. அன்றைக்கே என் புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். எந்த உருண்டையாவது பெட்டியை விட்டு வெளியே போனால், எடுத்து நடுவில் வை. அந்த நாலு வரிக்கு 'உள்ளே வை' என்றே பெயரிட்டேன்.

அதன்பிறகு ஒரு எரர்கூட வரவில்லை. உருண்டைகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்தேன், நான் சொன்ன அளவுக்குச் சரியாகக் குளிர்ந்திருந்தது. ஆனால் எவ்வளவு குளிர வைத்தாலும் உருண்டைகள் மட்டும் இறுகாமல் ஓடிக்கொண்டே இருந்தன.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. தப்பாக ஏதோ நடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தை ஒரு தும்மல் போட்டாலே நிமோனியாவா என்று தேடிப் பார்க்கிற எனக்கு, அன்று பார்த்துத் தோன்றவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தோன்றியது. உறைய மறுக்கும் திரவம்! கூட்டத்தில் காட்டும் முதல் பக்கத்துக்கு அதையே தலைப்பாக வைத்தேன். தினேஷ் வாலாஜாபாத் போய்விட்டு வரும்போது அரைக் கிலோ ஜிலேபி வாங்கிவந்தார். ஸ்டெல்லா அக்கா இரண்டு தின்றுவிட்டு, "உறையாட்டி அது இன்னாத்துக்கு ஒதவும்?" என்று கேட்டார். பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அப்படித்தான் என்று சமாளித்தேன்.

என் நெறியாளர் மேடம் மட்டும், "நல்லா இருக்கே. மொத்த எனர்ஜி என்ன ஆச்சுன்னு பாத்தியா?" என்றார்.

"டெம்பரேச்சர் கரெக்டா இருக்கு மேடம்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. அதோடு போயிற்று.

சிரப் கொடுத்த பிறகு

இப்போது மறுபடியும் கூட்டு ரோடு. ஆட்டோவுக்கு வெளியே நான்.

டிரைவர் செய்ததும் என் புரோகிராம் செய்ததும் ஒன்றேதான். வெளியே விழுந்தவரை எடுத்து, ஏற்கெனவே நெருக்கியடித்து இருப்பவர்களின் நடுவில் வைத்தால் என்ன ஆகும்? எல்லோரும் திமிறுவார்கள். அந்தத் திமிறலில் ஓரத்தில் இருப்பவர் வெளியே போவார். அவரை எடுத்து நடுவில் வைத்தால் அடுத்தவர் போவார். நான் புதிய திரவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவைக் கண்டுபிடித்திருந்தேன். உருண்டைகள் உறைய மறுக்கவில்லை. உறைய விடாமல் நான்தான் ஓயாமல் அவற்றின் மடியில் ஆள்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் பெட்டி கொதித்திருக்க வேண்டுமே, வெப்பநிலை எப்படிச் சரியாக இருந்தது?

கையில் இன்னும் தெர்மாமீட்டர் இருந்தது. அதைப் பார்த்தேன். போன மழைக்காலத்தில் குழந்தை டாக்டர் என்னைத் திட்டியது நினைவுக்கு வந்தது. "ஏம்மா, சிரப்பையும் குடுத்துட்டு, அரை மணி நேரம் கழிச்சு வச்சுப் பாத்துட்டு, ஜுரமே இல்ல டாக்டர்னு சொல்றீங்களே!"

என் புரோகிராமில் குளிர வைக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. உள்ளே எவ்வளவு சூடு கிளம்பினாலும் அந்தந்தக் கணமே உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். ஒரு பக்கம் நான் காய்ச்சலை மூட்டிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் அது சிரப் ஊற்றிக்கொண்டிருந்தது. நடுவில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மேடத்திடம் சொல்லியிருந்தேன்.

"யக்கா, வரியா, இல்லியா?"

திரும்பி வீட்டுக்குப் போய்விடலாமா? யாழினிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. ஆனால் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கும் குழந்தையைக் காரணம் காட்ட மனசு வரவில்லை.

"வரேன்" என்றேன்.

"அப்ப நடுவுல வா."

"நடுவுல வேணாம் தம்பி. ஓரமா வரேன், விழுந்தா நானே ஏறிக்கறேன்."

ஏறுது, விக்காதே

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். என் தப்புகளை நான் கண்டுபிடிப்பதிலும் தப்பு நேர்வது வழக்கம்தான். குளிர வைக்கும் பகுதியை நிறுத்திவிட்டு, சின்னதாக ஒரு பெட்டியை ஓடவிட்டேன். மொத்த ஆற்றலை வரைபடமாகப் போடச் சொன்னேன். யாரும் வெளியிலிருந்து கை வைக்காவிட்டால் அது மாறவே கூடாது. இயற்பியலில் முதல் நாள் சொல்லித்தருவது. அந்த முதல் நாளில்தான் நான் வேறு கட்டடத்தில் புரோகிராமிங் படித்துக்கொண்டிருந்தேன்.

கோடு படிப்படியாக ஏறியது. 'உள்ளே வை' வேலை செய்யும்போதெல்லாம் ஒரு துள்ளல்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஷேர் மார்க்கெட்டாம்மா?"

"இல்ல சார்."

"நல்லா ஏறுது பாரு. அவசரப்பட்டு வித்துடாத. இன்னும் ஏறும்."

அவர் சொன்னபடியே ஏறியது. அவர் தன் மருமகனுக்குப் போன் செய்து இது எந்தக் கம்பெனி என்று கேட்கும் எண்ணத்தில் இருப்பது தெரிந்தது. லேப்டாப்பை மூடினேன்.

லைனில் போன் எடுக்கக் கூடாது என்பதால் டீ பிரேக் வரும்வரை காத்திருந்து தினேஷைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, நீங்க சொன்ன ஐடியா தப்பு."

"எந்த ஐடியா?"

"வெளிய விழறத எடுத்து உள்ள வைக்கறது."

"நான் ரப்பருக்குச் சொன்னேன். உன் உருண்ட ரப்பரா?"

"எல்லா ரிசல்ட்டும் போச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த குவாலிட்டி முன்னாடி நிக்கணும். என்ன பண்றது?"

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மாறியது. லைனில் ஆள்களிடம் பேசும் குரல்.

"கேளு. பீஸ் சரியில்லன்னு நமக்குத் தெரிஞ்சிட்டா, குவாலிட்டி வர்றதுக்கு முன்னாடி நாமளே 'இத அனுப்பாத, நிறுத்தி வை'ன்னு ஹோல்ட் ஸ்டிக்கர் ஒட்டிடணும். நாம ஒட்டுனா அந்த ஒரு லாட் சரக்குதான் நிக்கும். அவங்க புடிச்சாங்கன்னு வையி, லைனே நின்னுடும்."

முதல் யோசனையில் கவிழ்த்தவர் சொல்கிற இரண்டாவது யோசனையைக் கேட்கலாமா? பூந்தமல்லி வரைக்கும் யோசித்தேன்.

ஹோல்ட்

அறையில் மூவர் இருந்தார்கள். நெறியாளர் மேடம். எங்கள் துறையின் வயதான பேராசிரியர், சமோசாவில் கவனமாக இருந்தார். எதிரே குவாலிட்டி, சமோசாவைத் தொடாமல்.

முதல் பக்கம் திரையில் பெரிதாக விழுந்தது. உறைய மறுக்கும் திரவம்.

"இந்தத் தலைப்பு தப்பு சார்" என்றேன். குரல் யாழினியின் குரல் மாதிரி வந்தது. "இதுக்குப் பின்னாடி இருக்கற எல்லா முடிவும் ஹோல்ட். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. சமோசாப் பேராசிரியர் மெல்வதை நிறுத்தினார்.

தயாரித்து வைத்திருந்த பக்கங்கள் எதையும் காட்டாமல், பலகையில் ஓர் ஆட்டோ வரைந்தேன். என்னால் ஆட்டோகூட ஒழுங்காக வரைய முடியவில்லை. யானை மாதிரி வந்தது. அதற்குள் வட்டங்கள் போட்டு, வெளியே ஒருவர் விழுவதையும், அவரை நடுவில் வைப்பதையும், இன்னொருவர் விழுவதையும் காட்டினேன். பிறகு சிரப்பைப் பற்றிச் சொன்னேன். கடைசியாக, பஸ்ஸில் எடுத்த அந்த ஏறும் கோடு.

குவாலிட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ஆட்டோ டிரைவர் யாரு?"

"நான்தான் சார்."

"புரோகிராம்ல எரர் வந்துச்சா?"

"ஒரு எரர்கூட வரல சார். அதான் பயமா இருக்கு."

அவர் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பா, சமோசா வாசனையா, சொல்லத் தெரியவில்லை. வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் நின்று ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

"கை வச்சுப் பாத்தீங்களாக்கா?"

"தெர்மாமீட்டர்லயே பாத்தேன். ஜொரம் இல்ல."

"அது என்கிட்டல்ல இருக்கு?"

"நீ வூட்டுல மூணு வாங்கி வச்சிகீறியே! சாமி ரூம்ல ஒண்ணு, பிரிட்ஜு மேல ஒண்ணு. ஜொரமே இல்லாத வூட்டுக்கு எதுக்குமா இத்தினி?"

கதவு திறந்தது.

குவாலிட்டிதான் பேசினார். "நீங்களே வந்து சொன்னதால தொடரலாம்னு இவங்க ரெண்டு பேரும் சொல்றாங்க. தப்பைக் கண்டுபிடிச்சது சரி. சரியா செய்ய வருமான்னு எனக்குத் தெரியணும். ஒரு வாரம். அந்தத் தூக்கி வைக்கற வேலையை எடுத்துடுங்க. குளிர வைக்கறதை நிறுத்துங்க. பெட்டியை அதுபாட்டுக்கு விடுங்க. மொத்த ஆற்றல் மாறக் கூடாது, கோடு நேரா போகணும். அதை எனக்கு அனுப்புங்க, நான் கையெழுத்துப் போடறேன். வரலன்னா, உங்க நேரத்தையும் வீணாக்க வேணாம், எங்க நேரத்தையும் வீணாக்க வேணாம்."

ஒன்றுமே ஆகாத ஒரு ஞாயிறு

ஒரு நேர்கோடு. யாழினிகூட ஸ்கேல் வைத்துப் போட்டுவிடுவாள். எனக்குத்தான் வரவில்லை.

'உள்ளே வை'யை எடுத்ததும் உருண்டைகள் எல்லாம் பறந்துபோய்ப் பெட்டி காலியானது. பெட்டியின் எல்லையை ஒழுங்காக எழுதினேன். வலது பக்கம் வெளியேறுகிறவர் அதே வேகத்தில் இடது பக்கம் உள்ளே வர வேண்டும், யார் மடியிலும் உட்காராமல். அப்போதும் கோடு ஏறியது. உருண்டைகளை ஒவ்வொரு முறையும் துளி நகர்த்துகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் துளியே பெரிது என்று பிறகுதான் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நீளமாகக் கால் வைத்தால் அடுத்தவர் மேல்தானே மோதுவோம்? அடியைச் சின்னதாக்கினேன். வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. ஒருநாள் கரண்ட் போனது. ஒருநாள் யாழினி கீபோர்டில் தன் பெயரை எழுதினாள். அவளுக்கு 'ய' மட்டும்தான் தெரியும், நிறைய எழுதியிருந்தாள்.

இடையில் அவளுக்கு மறுபடியும் லேசாகச் சுட்டது. சிரப் பாட்டிலை எடுத்தவள், கீழே வைத்துவிட்டு, முதலில் தெர்மாமீட்டர் வைத்தேன். ஜுரம் இல்லை. பாட்டிலை உள்ளே வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாரத்தில் ஒருத்தி எவ்வளவுதான் மாறுவாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை. தினேஷுக்கு சனிக்கிழமை நைட் ஷிப்ட், இன்னும் வரவில்லை. ஓடவிட்டிருந்த பெட்டியைப் பயந்து பயந்து எட்டிப் பார்த்தேன்.

கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

காபி போட்டுவிட்டு வந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தேன், ஒருவர்கூடத் தொலையவில்லை. இந்த முறை யாரும் யாரையும் தூக்கி வைக்காமலே. நான் ஏதாவது பைத்தியக்காரத்தனமாக எழுதிக் கோட்டை நேராக்கியிருப்பேனோ என்ற சந்தேகத்தில், புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இல்லை.

யாழினி என் மடியில் ஏறித் திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணுமே ஆவல."

"ஆமாண்டா கண்ணு" என்றேன். "ஒண்ணுமே ஆகல!" அவளைத் தூக்கிச் சுற்றினேன். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான். ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். அதை ஒரு பெட்டி எனக்கு முதன்முதலாக, கோடு போட்டுக் காட்டியிருந்தது.

குவாலிட்டிக்கு அனுப்பினேன். தோசை திருப்புவதற்குள் பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட அவர் லைனில்தான் இருப்பார் போலிருக்கிறது. "நேராக உள்ளது. கையெழுத்திடுகிறேன். இனி குளிர வையுங்கள்" என்று மட்டும்.

அதைப் படித்துக்கொண்டு நின்றபோது தினேஷ் வந்தார். கண்கள் சிவந்து, தோளில் பையோடு, ஒரு கையில் ஷூவோடு. திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இடமிருந்து வலம் அசையாமல் போய்க்கொண்டிருந்தது கோடு. அவர் முகம் வாடியது. ஷூவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இன்னா ரேவதி, ஒரேடியா நேரா போவுது," என்றார் தாழ்ந்த குரலில். "செத்துடுச்சா?"

"இல்லீங்க," என்றேன். "பொழச்சிடுச்சு."